தவமணி அக்காவுக்கு வந்தது காமாலை அல்ல

சனிக்கிழமை காலை தவமணி அக்காவின் தம்பி போன் செய்தார். அக்கா போய்விட்டார் என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பேச்சு வந்தது: "அண்ணே, யாராச்சும் கேட்டா காமாலைன்னு சொல்லிடுங்க. மத்தது வேணாம் லா. என் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம்."

ஜோர்ஜ் டவுனில் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடமொன்றில் இருபது ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள் அக்காவும் நானும். அறுவையில் எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, டாக்டர் பார்ப்பதற்குக் கண்ணாடித் துண்டில் வைப்போம். அக்காவுக்கு வந்தது பித்தநாளப் புற்றுநோய்; பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டுக் கண் மஞ்சளாவதால் காமாலை போலவே தெரியும். எதையும் மறைக்காத அவர் விஷயத்திலேயே மறைக்கச் சொல்கிறார்கள்! எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில், தனக்கு நோய் வருமுன், அக்கா பெண்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பித்தநாளத்தின் உள்சுவர் புண்பட்டால் புதுச் செல்களை உண்டாக்கித் தரும் ஸ்டெம் செல்களுக்குத் தமிழில் பெயர் தெரியாமல், "தண்டு செல்" என்றார். முன்வரிசை அம்மா ஒருவர், "தண்டம்னா வெட்டித் தூக்கிப் போடுங்களேன்" என்றார். மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"சரிம்மா, குருத்துன்னு வச்சுக்குவோம். வாழைய வெட்டுனா மறுநாளே நடுவுல குருத்து வருதுல்ல? அந்த மாதிரி. வருஷக்கணக்கா புண்ணும் வீக்கமுமா கெடந்தா, அந்தக் குருத்துக்கே புத்தி கெட்டுப் போகலாம். அப்புறம் நிறுத்துன்னா நிறுத்தாது, பெருகிக்கிட்டே போகும்."

அப்போது அது ஊகம்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், இதெல்லாம் டெக்னீஷியன் பேசுகிற பேச்சா என்று கேட்டார். "வெட்டி எடுத்தும் திரும்ப வருதே டாக்டர், எங்கேருந்து வருது? அத மட்டும் சொல்லுங்க, நான் வாய மூடிக்கிறேன்" என்றார் அக்கா. டாக்டரும் சொல்லவில்லை, அக்காவும் மூடவில்லை.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு தடவை ஏமாந்தார். கண் மஞ்சளானதும் பக்கத்து வீட்டார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க, மூன்று வாரம் குடித்தார். "எல்லாம் தெரிஞ்ச நானே குடிச்சேன் லா. காமாலைன்னு சொல்லிக்கிட்டா மனசுக்கு அவ்வளவு சுகமா இருக்கு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் சொன்னார். அதன்பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நோயின் பெயரை அவரே சொன்னார்.

சாவு வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் நானும் சொன்னேன். தம்பி முறைத்தார். அவர் மகளோ, "சொல்லுங்க அங்கிள். இதுக்குப் பயப்படுற மாப்பிள்ளை எனக்கு வேணாம்" என்றாள்.

புறப்படும்போது பக்கத்து வீட்டு அம்மா என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, எனக்கும் ஒரு மாசமா கண்ணு மஞ்சளா இருக்கு, உடம்பெல்லாம் அரிப்பு. காமாலைன்னுதான் நெனச்சேன். அதுவா இருக்குமோ?"

"எனக்குத் தெரியாதும்மா. காட்டிப் பாத்துடுவோம்" என்றேன்.

திங்கட்கிழமை நானே கூட்டிப் போனேன். அவருக்குப் பித்தக்குழாயில் கல், அவ்வளவுதான். பிழைத்துக்கொள்வார்.

தவமணி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மூடாத அந்த வாயை. அவர் இறந்தது பித்தநாளப் புற்றுநோயால். பெண் பார்க்க வருகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.