அளவுக்கு ஒரு விரல்

'ஒருநாள் பூச்சி'யை யாராவது ஈசல் என்று சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஈசல் மண்ணுல இருந்து வரும். இது தண்ணியில வளந்து, சிறகு முளைச்சதும் ஒரு நாள்ல சாகுற ஜென்மம். ரெண்டும் ஒண்ணா?" என்று எகிறுவார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் உருப்பெருக்கியில் குனிந்து கிடந்தவர், ஓய்வு பெற்றும் திருந்தவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இணையதளத்தில் போடும் படங்களைப் பார்த்து, இன்ன வகைப் பூச்சி என்று சொல்வதே வேலை. சம்பளம் கிடையாது. பதிலுக்குக் கீழே அவர் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

வால் இழை இரண்டா மூன்றா என்று தெரிய வேண்டும். பின்சிறகு தெரிய வேண்டும். அளவு புரிய, பக்கத்தில் ஒரு விரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் எப்பேர்ப்பட்டவர் அனுப்பினாலும் ஒரே பதில்தான்: "தெளிவில்லை. அடையாளம் சொல்ல இயலாது." அடிக்கடி தேவைப்பட்டதால் அந்த வரியை ஒரு பொத்தானிலேயே வைத்திருந்தார்.

விரல் வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்ததே அவர் மகள்தான். சின்ன வயதில் அவர் கேமராவை எடுத்தாலே ஓடி வந்து விரலை நீட்டுவாள். நாலு வருடத்துக்கு முன்பு, புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று அவள் பெட்டியோடு வந்து நின்றபோது, "நீ யாருன்னே எனக்குத் தெரியல, போ" என்றார். வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல? போனவள் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அதன்பிறகு மனிதர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஆனால் தேடிப் போகவும் வீம்பு விடவில்லை.

அன்று காலை நாற்பது படங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றில், விரல் நுனியில் ஒரு பூச்சி. கீழே, பெயர் போடாமல், "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்று இருந்தது. எனக்கே பரீட்சையா என்று அவருக்குச் சுருக்கென்றது. வால் மங்கல், சிறகு மடங்கிக் கிடந்தது. பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

சற்று நேரத்தில் டீயோடு வந்த மனைவி திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அந்த மேல இருக்குற படத்தப் பெரிசாக்குங்க."

"அது தேறாதுடி."

"பூச்சிய விடுங்க. நகத்தப் பாருங்க."

நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. மகளுக்கு ஆறு வயதில், அவர் குளியலறைக் கதவை அறைந்து சாத்தியபோது நசுங்கிய நகம். அது பிறகு சேரவேயில்லை.

உடனே எழுதினார்: "அம்மாடி, அப்பாதான். எங்க இருக்க?" செய்தி போகவில்லை. அவருடைய பழைய பதிலுக்குக் கீழே 'படித்துவிட்டார்' என்று இருந்தது. அதற்கும் கீழே, 'இவர் தளத்திலிருந்து விலகிவிட்டார்.'

மனைவி திரையிலிருந்த விரலைத் தடவினாள். "மெலிஞ்ச மாதிரி இருக்கே. இளைச்சுட்டாளா? உங்களுக்குத்தான் அளவெல்லாம் தெரியுமே, சொல்லுங்க."

பூச்சி எந்த வகை என்று தெரிந்தால் அதன் நீளம் தெரியும். அதை வைத்து விரலின் பருமனைச் சொல்லிவிடலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை படிந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. வால் இரண்டா மூன்றா என்று பிடிபடவேயில்லை.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"தெரியலடி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.