பதுளை டவுனுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

பதுளை டவுனுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இரண்டே இரண்டு விஷயம்தான் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

அப்போது ரயில் பதுளை வரைக்கும் வரவில்லை. நமுனுகுல மலையிலிருந்த எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக வேண்டுமென்றால் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் மாட்டு வண்டிதான் கதி. நானும் என் தங்கையும் கடல் தாண்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வரிசை அறைகளான லயமும் தேயிலை மலையும் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களமும்தான் எங்களுக்குத் தெரிந்த இலங்கை. தங்கைக்கு ரத்தக்கடுப்பு கண்டது. தோட்டத்தில் கொடுத்த கசப்புத் தண்ணீருக்கு அது அசையவில்லை. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் போனபோது, எங்களை வேலை வாங்குகிற கங்காணியின் காலில் போய் விழுந்தேன். "சரி சரி, நாளைக்கு வண்டியில டவுனு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் வேண்டாவெறுப்பாக.

அன்று சாயங்காலம் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையிலிருந்த பக்கத்துக் காம்பராக்காரி வந்து உட்கார்ந்தாள். எங்கள் லயத்துப் பொம்பளைகளில் டவுனைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு.

"டவுனுக்குள்ள நுழையறப்ப கம்பளிய மடிச்சுக் கையில வச்சுக்க. தலையில போட்டுட்டுப் போனா தோட்டத்து ஆளுன்னு சிரிப்பானுங்க. வழி தெரியலைன்னா முழிச்சுக்கிட்டு நிக்காத, துணிக்கடையில கேளு. அங்க இருக்கறவங்க நம்ம ஊருப் பக்கத்து ஆளுங்க. சப்பாத்துப் போட்டவன் எதிர வந்தா ஒதுங்கிக்க. ஆஸ்பத்திரி வெள்ளையடிச்ச பெரிய கட்டடம், பங்களா மாதிரி இருக்கும். முன்னால மட்டும் போயிராத தாயி. பின்பக்கம் போயி நில்லு. அவங்களாக் கூப்புடற வரைக்கும் வாயத் தொறக்காத."

லயத்தில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பங்களாவுக்கு நாங்கள் வேறெப்படிப் போவோம்? குசினிப் பக்கமாகப் போய்க் கைகட்டி நிற்போம். சமையல்காரர் எட்டிப் பார்த்து, மனசு வைத்து உள்ளே சொன்னால் உண்டு. முன்வாசலில் கால் வைத்த ஒருத்தி மேல் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். அது வேறு யாருமில்லை, இதே பக்கத்துக் காம்பராக்காரிதான். கெண்டைக்காலில் தழும்பு இருந்தது. ஆஸ்பத்திரியை அவள் ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் வண்டிக்காரர் எங்களை டவுன் முனையில் இறக்கிவிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காய்ச்சலில் நடுங்கியவளின் தலையிலிருந்து கம்பளியை எடுத்து மடித்தேன்.

"குளுருதுக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்க. பாத்தா சிரிப்பாங்க."

யார் சிரித்தால் எனக்கென்ன! இப்போதல்லவா அது தோன்றுகிறது.

அவளை முதுகில் தூக்கிக்கொண்டேன். கொழுந்துக் கூடையைவிட அவள் கனமாக இல்லை. துணிக்கடைக்காரர் நல்ல மனுஷன், வாசலுக்கே வந்து கையை நீட்டி வழி காட்டினார். சப்பாத்துக்காரர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி, சாக்கடையோரமாகவே நடந்து போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக் கட்டடம், நீளமான விறாந்தை, முன்னால் பூச்செடிகள். அப்படியே தொரை பங்களாதான். வேலியோரமாகச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு கொய்யா மரம். கொடியில் வெள்ளைத் துணிகள் நனைந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, பூட்டிய கதவோடு ஒரு சின்ன அறை. மரத்தடியில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன். யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று கதவையே பார்த்திருந்தேன்.

துணியை எடுக்க ஒரு சிங்களப் பெண் வந்தாள். எங்களைப் பார்த்து என்னவோ சொன்னாள். கட்டடத்தைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினாள். எங்கள் தோட்டத்தில் பங்களாக்காரர்கள் அப்படிக் கையை வீசினால் ஒரே அர்த்தம்தான், போ என்று. திட்டுவாளோ என்று பயந்து, தங்கையை இழுத்துக்கொண்டு இன்னும் தள்ளிப் போனேன், அந்தப் பூட்டிய அறையின் சுவரோரத்துக்கு. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கூப்பிட்டாங்களாக்கா?"

"இப்பக் கூப்புடுவாங்கடி."

மழை வலுத்தது. அப்போதுதான் கம்பளியை அவள் மேல் போர்த்தினேன். அதுவும் நனைந்துதான் இருந்தது. இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் அதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் இருந்தேன்.

மத்தியானம் தாண்டி, வெள்ளை உடுப்புப் போட்ட ஓர் ஆள் சாவியோடு வந்தார். தமிழர். எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏம்மா இங்க வந்து உக்காந்திருக்க?"

"கூப்புடுவாங்கன்னு இருக்கேங்க, சாமி."

"யாரு கூப்புடுவா? முன்வாசல் தொறந்துதானம்மா கெடக்கு! காலையிலேருந்து தோட்டத்து ஆளுங்க அது வழியாத்தானே வந்துட்டுப் போறாங்க. டாக்டரு இப்பதான் எந்திரிச்சுப் போனாரு."

சொல்லிக்கொண்டே குனிந்து கம்பளியை விலக்கினார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். எழுந்து, நான் சாய்ந்திருந்த அந்தச் சின்ன அறையின் பூட்டைத் திறந்தார். செத்தவர்களை வைக்கிற அறை அது. பாவி நான், அதன் வாசலில்தான் அவளை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.

பக்கத்துக் காம்பராக்காரி ஒப்பாரி வைத்து அழுதாள். அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதென்றால் நாய் வளர்க்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எங்கள் லயத்திலிருந்து யார் முதல் தடவையாக டவுனுக்குப் போனாலும் ஓடிப் போய் வழி மறித்துச் சொல்வேன். கம்பளியைக் கழற்றாதே, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். எந்தக் கட்டடமானாலும் முன்வாசலால் போ. நாய் கடித்தால் புண் ஆறிவிடும்.