வால்வுக்கு வைத்த பொட்டு

கண்ணகியின் பஞ்சர் கடையில் காற்று அடிக்க நின்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காற்று ஏறும்போது அவள் யாரோடும் பேசமாட்டாள். கேட்டாலும் பதில் வராது. கண் மீட்டரை விட்டு நகராது. சைக்கிள் ட்யூபுக்கும் அப்படித்தான். "இன்னாம்மா, ராக்கெட்டா வுடுற?" என்று நானே ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்ன? என் வாய் மூட வேண்டிய நேரத்தில் திறக்கும், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளும். இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

நான் தெய்வசிகாமணி, வடக்கனந்தல்காரன். தொண்ணூற்றேழில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. திங்கட்கிழமை சடையனின் ஜீப்பில் மேலே போவேன், வெள்ளிக்கிழமை கீழே வருவேன். கண்ணகியின் கடை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருந்தது. புடவைக்கு மேல் புருஷன் முனியனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள்தான் எல்லா வேலையும் செய்வாள். முனியனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பான்.

அந்தக் கை போனது ஆறு வருடத்துக்கு முன்னால். லாரி டயரை வீலில் பிடித்துவைக்க ஓரத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். ரிங் என்பார்கள். முனியன் ரிங்கை மாட்டினான், கண்ணகி காற்று அடித்தாள். யாரோ கூப்பிட, ஒரு நொடி மீட்டரை விட்டுத் திரும்பினாள். ரிங் தெறித்து முனியனின் கையைக் கொண்டுபோனது. அளவுக்கு மேல் அடித்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் வைத்து முனியனே சொன்னான். ஊருக்கு அது போதாதா? "புருஷன் கைய வாங்கினவ" என்று பேர் வைத்துவிட்டார்கள். லாரிக்காரர்கள் அந்தக் கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் சொன்னதைவிட அதிகமாக அவளே அதை நம்பினாள். அதுதான் கொடுமை.

சடையன் மலைக்காரன். அவன் ஜீப் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மழைக்காலத்தில் என் பள்ளிக்கூடம் இருந்த அவன் ஊருக்கு ஏறுகிற சேற்று மேட்டில் அது ஒன்றுதான் ஏறும். அதற்கும் ஒரு வித்தை உண்டு. மேட்டில் ஏறவோ இறங்கவோ தொடங்குமுன் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் சப்பையாகிச் சேற்றைப் பற்றிக்கொள்ளும். சேறு தாண்டியதும் மேலேயும் கீழேயும் கல் பாதை. அங்கே காற்றை ஏற்றாமல் போனால் டயர் கிழிந்துவிடும். நான்கு டயருக்கும் காலால் மிதிக்கிற பம்பில் அடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

முந்தைய வருடம் சடையனின் மனைவி பெரியம்மாளுக்குப் பிரசவ வலி. சேற்றில் இறங்கிக் கீழே வந்ததும் பம்பின் தோல் வாஷர் கிழிந்துபோனது. காற்றில்லாமலே ஓட்டினான். இரண்டு டயர் கிழிந்தது. வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது.

இந்த வருடம் பெரியம்மாள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். சேலத்தில் ஏதோ ஒரு ஜீப்பில் எஞ்சினே காற்று அடிப்பதைச் சடையன் பார்த்துவிட்டு வந்து கண்ணகியிடம் கேட்டான்.

"காத்து வேலையா? வேற ஆளப் பாரு, சடையா."

"அக்கா, ஒங்கள மாரி மீட்டர் பாக்கறவங்க வேற யாருக்கா இருக்காங்க?"

அவள் மூன்று நாள் பிடிகொடுக்கவில்லை. நான்காம் நாள் அவளாகவே சொல்லி அனுப்பினாள், வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்லி.

பழைய இரும்புக் கடையில் நொறுங்கிய கார் ஒன்றின் ஏசி கம்ப்ரசரை வாங்கினாள். அதை எஞ்சின் பக்கத்தில் பிடித்துவைத்து, எஞ்சின் சுற்றும்போது சேர்ந்து சுற்றப் பெல்ட் போட்டாள். காற்றைச் சேர்த்துவைக்க லாரியின் பழைய பிரேக் டாங்க். அதைப் பின் சீட்டுப் பலகைக்கு அடியில் முடுக்கினாள். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர், ஒரு சுவிட்ச். காற்றை வெளியே எடுக்கும் குழாய், பின்கதவுக்கு வெளியே.

"நூறு பவுண்டு வந்தா தானா நின்னுடும். அது நிக்கலன்னு வெச்சிக்கோ, நூத்தி இருவதுல இந்த வால்வு தொறந்து காத்த வெளிய வுட்டுடும்" என்று டாங்கின் மேல் இருந்த பித்தளைச் சேஃப்டி வால்வைக் காட்டினாள். "இது பழைய டாங்கு. நூத்தி அம்பதுக்கு மேல நான் இத நம்ப மாட்டேன்." ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வால்வை மட்டும் இருபது தடவை சோதித்தாள். ஒவ்வொரு தடவையும் நூற்றிருபதில் அது புஸ் என்று திறந்தது.

சாயங்காலம் பூசை. எங்கள் பக்கத்தில் புது இரும்பு எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடமாட்டோம். ஸ்பானருக்கும் உண்டு, மோட்டாருக்கும் உண்டு. கண்ணகி கிரீஸ் கையைக் கழுவப் போயிருந்தாள். வாத்தியார் கையால் வைத்தால் நல்லது என்று சடையன் சொன்னான். இது போதாதா எனக்கு? மலை மழையில் பொட்டு கரைந்துவிடக் கூடாதே என்று, பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டுகிற பசை பையில் இருந்ததை எடுத்துச் சந்தனத்தில் குழைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கம்ப்ரசருக்கு வைத்தேன், டாங்குக்கு வைத்தேன். அந்தப் பித்தளை வால்வு குட்டிச் சாமி போல இருந்தது. அதன் தலையில் இருந்த ஓட்டைகள் மறையும்படி தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சீட்டுப் பலகையை மேலே மூடினேன்.

மறுநாள் காலை புறப்படும்போது கண்ணகி சொன்னாள்: "மொத ஏத்தம், நானும் வரேன். வால்வ இன்னொரு தபா பாத்துக்கினு போலாம் சார்."

"நேத்து இருபது தபா பாத்தியேம்மா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது" என்றேன்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஊர் திரும்ப வேண்டிய பெரியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து மாதம். சோதனை ஓட்டத்தில் அவள் வேண்டாம் என்று கண்ணகி முணுமுணுத்தாள். ஆனால் ஊருக்குப் போக வேறு வண்டி ஏது? நானும் கண்ணகியும் பின்னால், எதிரெதிரே. நான் உட்கார்ந்த பலகைக்கு அடியில்தான் டாங்க்.

வழியில் ஓர் ஓடை. பொங்கிப் போன தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தாண்டினோம். மேட்டின் அடியில் நிறுத்தி டயர்களில் காற்றை இறக்கினான் சடையன். மேலே போனதும் உடனே காற்று தயாராக இருக்கட்டும் என்று அங்கேயே கம்ப்ரசர் சுவிட்சைப் போட்டுவிட்டு ஏறத் தொடங்கினான். இடது பக்கம் மண் சுவர். வலது பக்கம் ஒன்றுமில்லை, எட்டிப் பார்த்தால் மரங்களின் தலை தெரியும்.

பாதி மேட்டில் கண்ணகி முன்னால் குனிந்தாள். "நூறு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நிக்கல" என்றாள்.

சடையன் சுவிட்சைத் தட்டினான். மறுபடி தட்டினான். ஓடைத் தண்ணீர் ஒயரில் என்ன செய்ததோ, கம்ப்ரசர் அடித்துக்கொண்டே இருந்தது.

"பயப்படாத, வால்வு இருக்குது. நூத்தி இருவதுல வுட்டுடும்" என்றாள்.

நூற்றிருபது வந்தது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். புஸ் சத்தம் வரவில்லை. நூற்று முப்பது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, பசையும் சந்தனமும் குங்குமமும்.

"எஞ்சினை நிறுத்துடா" என்று கத்தினேன்.

"நிறுத்தினா பின்னாலயே போயிடும் சார். பிரேக்கு இந்தச் சேத்துல நிக்காது" என்றான் சடையன். அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்திருந்தது. பெரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தி நாப்பது" என்றாள் கண்ணகி. பிறகு என்னைப் பார்த்தாள். "சார், ஒங்க கைக்குப் பக்கத்துலதான், பின்கதவுகிட்ட குழாய் இருக்குது. வெளிய கைய வுட்டுத் தொறங்க. முழுசாத் தொறந்தா எறங்கிடும்."

ஒரு முழம் தூரம்தான். என் கை எழவில்லை. எனக்கு அடியில் டாங்க் முனகியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அவள் ஒருமுறைதான் கேட்டாள். அப்புறம் என் தோளைத் தள்ளிக்கொண்டு, ஓடுகிற வண்டியின் பின்கதவைத் தாண்டி பம்பரில் கால் வைத்து இறங்கினாள். வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அவள் கால் வழுக்கி, ஒரு கையில் தொங்கி, மறுபடி ஊன்றிக்கொண்டாள். அவள் முகம் டாங்குக்கு நேரே இருந்தது. டாங்க் வெடித்தால் முதலில் அவள்தான். ஆறு வருடமாக எந்தக் காற்றுக்குப் பயந்தாளோ, அதே காற்றின் முன்னால் நின்று கைப்பிடியைத் திருகினாள்.

பீய்ச்சி அடித்த காற்றில் சேறு பறந்து அவள் தலை முதல் கால் வரை அப்பியது. மேடு முடிகிற வரை அவள் கையை எடுக்கவில்லை. சமதளம் வந்து சடையன் எஞ்சினை அணைத்தபோது மீட்டர் முப்பதுக்கு வந்திருந்தது.

கண்ணகி சீட்டுப் பலகையைத் தூக்கி, வால்வைக் கழற்றி, ஒரு கம்பியால் குடைந்தாள். கல் போல இறுகிய மஞ்சள் கட்டி ஒன்று உள்ளங்கையில் விழுந்தது, ஒரு பக்கம் சிவப்பாக. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

சடையன் மனைவியை இறக்கி ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு வந்தான். "ஊருல சொன்னாங்க, காத்து வேலைய அவ கையில குடுக்காதன்னு. நான்தான் கேக்கல" என்றான்.

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "வால்வு ஒட்டிக்கிச்சு. காத்து போறாப்புல மேல ஒரு மூடி போட்டிருக்கணும். பொட்டு வெக்கிற ஊருன்னு எனக்குத் தெரியாதா? என் தப்புதான்" என்றாள். பிறகு ஒயரைப் பிரித்துத் துடைத்து, வால்வை மாட்டி, நான்கு டயருக்கும் காற்று அடித்தாள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. அதைப் பாராட்ட அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அவள் வெள்ளிமலைக்கு நடந்தே போய் பஸ் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை கீழே வந்தபோது சடையன் நேராக அவள் கடைக்கு வண்டியை விட்டான். அதற்குள் செய்தி தியாகதுருகம் வரை போயிருந்தது. டீ குடிக்க நின்ற ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். முனியன் டயர் அடுக்கின் மேல் இருந்தான்.

"கழட்டிடுங்கக்கா. எனக்கு வேணாம்" என்றான் சடையன்.

அவள் மறுபேச்சில்லாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தாள். எனக்கு நான்கு நாளாகத் தூக்கமில்லை. அவள் குனிந்த முதுகைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"அது கண்ணகி தப்பில்ல. வால்வை அடைச்சது நான். சந்தனத்துல பசையக் கொழைச்சு அதும்மேல அப்பினேன். காலையில பாக்குறேன்னு சொன்னப்பவும் பாக்க வுடல. மேட்டுல குழாயத் தொறக்கச் சொன்னா, பயத்துல ஒக்காந்துட்டேன். அது எல்லாத்தையும் அவ தெரிஞ்சே தம்மேல போட்டுக்கினா."

சடையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கூட்டத்தில் ஒருவன் தொண்டையைச் செருமினான். அப்போதுதான் முனியன் டயர் அடுக்கிலிருந்து இறங்கினான்.

"வாத்தியாரு சொல்லிட்டாரு. நானும் சொல்லிடறேன்" என்றான். பீடியைக் கீழே போட்டான். "அன்னிக்கு ரிங்கு ஒரு பக்கம் சரியா ஒக்காரல. எனக்குத் தெரியும். காத்து ஏறினா தானா ஒக்காந்துக்கும்னு நான்தான் அடிக்கச் சொன்னேன்."

கண்ணகி நிமிர்ந்தாள். கையில் ஸ்பானர் இருந்தது. முனியன் ஓர் அடி பின்வாங்கினான், அதை நான் பார்த்தேன்.

"மீட்டரு எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நீ திரும்புனப்ப நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எம்பதுகூட ஆவல."

"அப்ப நான் அளவாத்தான் அடிச்சனா?"

"அளவாத்தான் அடிச்ச."

அவளிடமிருந்து ஒரு வசவு வரும், ஓர் அழுகை வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னம் முழுக்கக் கிரீஸ் ஆனது. "சடையா, வண்டிய வுட்டுட்டுப் போ. கழட்ட மாட்டேன். நாளைக்கு மூடி போட்டுத் தரேன்" என்றாள்.

சடையன் தலையாட்டினான். கூட்டம் கலைந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பூக்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின் சக்கரத்தில் காற்று இல்லை. கண்ணகி குழாயை மாட்டிக் காற்றைத் திறந்தாள். மீட்டர் முள் ஏறத் தொடங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, மூணு டீ. வாத்தியாருக்கு, சடையனுக்கு, எனக்கு."