மீதி ரெண்டு லிட்டர் எங்கே? சித்தூர் – திருப்பதி மாற்றுப் பாதையில் ஒரு நடை

முதலில் மன்னிப்பு. பயணம் பற்றி எழுதுகிறவர்கள் மலைக்கும் கடலுக்கும் போய் வந்து எழுதுகிறார்கள். நான் போனது மாங்காய் ஏற்றிய மினி லாரியில். திருப்பதி வரை போயும் கோயிலுக்குப் போகவில்லை. இருந்தாலும், இப்போது அந்த வழியில் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

இந்த வியாழக்கிழமை போனேன். காரணம் டீசல். பூதலப்பட்டு தாண்டி ஒரு பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள். திருப்பதிக்குப் போகும் வண்டிகளைப் பாக்காலா பக்கம் கிராமச் சாலையில் திருப்பிவிடுகிறார்கள். அன்றிலிருந்து என் நைனா (அப்பா) ஓட்டும் வண்டி ஒரு நடைக்கு மூன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கிறது. வண்டி அவருடையது அல்ல. முதலாளி எங்கள் வாசலில் நின்றே கேட்டார்: "சுத்து பதினாலு கிலோமீட்டர். அதுக்கு ஒன்றரை லிட்டர் சரி. மீதி ரெண்டு லிட்டர் எக்கட போயிந்தி?" எங்கே போனது என்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நைனா பதினெட்டு வருடமாக அவரிடம்தான் ஓட்டுகிறார்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான், பி.எஸ்சி. வேதியியல். அளந்து பார்க்கிறேன் என்று சொல்லி உடன் போனேன். அது பாதி உண்மை. இருக்கைக்குப் பின்னால் புதிதாக ஒரு ஐந்து லிட்டர் கேன் வந்திருந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சித்தூர் பங்கில் டேங்கை வாய் வரை நிரப்பிக்கொண்டு காலை 5:40க்குக் கிளம்பினோம். பழைய சாலையில் திருப்பதி 70 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாற்றுப் பாதை தொடங்கும் இடத்தில் தெலுங்கில் ஒரு போர்டு, '15 ரோஜுலு' என்று, அதாவது 15 நாள். பதினைந்தின் மேல் காகிதம் ஒட்டி 45 என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதமும் வெளுத்துவிட்டது. அந்தப் போர்டை நம்ப வேண்டாம். போன் மேப்பையும் நம்ப வேண்டாம். அது இன்னும் பழைய சாலையைத்தான் காட்டுகிறது.

ரயில்வே கேட்டில் 22 நிமிடம். எங்களுக்கு முன்னால் 43 வண்டிகள் எண்ணினேன். ஒன்றுகூட இன்ஜினை நிறுத்தவில்லை. "ஆஃப் பண்ணு நைனா" என்றேன். பண்ணினார். கேட் திறந்ததும் அவர் ஸ்டார்ட் செய்வதற்குள் இரண்டு கார்கள் குறுக்கே புகுந்தன. "பாத்தியா? இதுக்குத்தான் எவனும் ஆஃப் பண்றதில்ல" என்றார்.

அடுத்த ஆறு கிலோமீட்டர் முழுவதும் முதல் கியர், 35 நிமிடம். பிறகு ஒரு ஊருக்குள் எதிரெதிர் வண்டிகள் சிக்கி 38 நிமிடம் நின்றோம். பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, பொண்ண கிளீனரா வச்சிக்கினியா?"

"டிகிரி கிளீனரு. உன் வண்டில கீறாரா?" என்றார் நைனா.

"என் வண்டில கிளீனரே இல்ல. நானே தொடச்சிக்கினு, நானே திட்டிக்கினு போறேன்."

நைனா இரண்டு டீ வாங்க இறங்கினார் (ஒன்று 15 ரூபாய், சாலையைத் திருப்பிவிட்டதும் மூன்று ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள்). அவர் போனதும் கேனை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசனை இல்லை. ஈர பிளாஸ்டிக் வாசனைதான்.

நிமிர்ந்தால் நைனா ஜன்னலோரம் நிற்கிறார், இரண்டு கையிலும் டீ.

"வாசன வர்ல இல்ல?"

கேனின் மூடியைத் திருகி மூடினேன்.

"நின்னு நின்னு இன்ஜின் கொதிக்குது. ரேடியேட்டருக்குத் தண்ணி. நீயாவது மோந்து பாத்த. மொதலாளி அதுகூடப் பாக்கல. டீ ஆறிப்போவுது, குடி."

திருப்பதி மண்டியில் 9:25. மீட்டரில் 84 கி.மீ. சரக்கு இறக்கிய பின் மறுபடி வாய் வரை நிரப்பினோம்: 10.6 லிட்டர். பழைய சாலையில் இதே சுமைக்கு 7.1 ஆகும். திரும்பும் வண்டிகளுக்குப் பாலத்தின் ஓரமாக மண் தடம் திறந்திருக்கிறது, 70 கி.மீ.தான், காலி வண்டிக்கு 6.3 லிட்டர். போகும்போது சுமை, வரும்போது காலி என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் 10.6 லிட்டரில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. டேங்க் மூடி முழு வழியும் என் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. நான் அதையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த ரெண்டு லிட்டர் போன இடம் தூரம் அல்ல. நின்ற நேரமும் முதல் கியரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வரும். மூன்றரை லிட்டருக்கு ஒன்பது கிலோ. ஒரு நடைக்கு, ஒரு மினி லாரிக்கு. அந்த வரிசையில் நின்ற 43 வண்டிகளின் புகையை யார் வாசலில் நின்று யார் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்கள் ஐந்து மணிக்கு முன் கிளம்புங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பெண்களுக்கு வழியில் கழிப்பறை இல்லை. கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள், நிறுத்தியவரின் முன்னால் புகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முதலாளி சார், உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இதை உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. என் அளவை நீங்கள் நம்ப வேண்டாம், நான் அவர் மகள். சனிக்கிழமை காலை 5:40க்கு வண்டி கிளம்பும். நைனா பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஒரு நடை வாருங்கள். சாவியை அதற்குப் பிறகு கேளுங்கள்.