பிறை ஏழு இரவு: கடப்பாக்கம் கேசட்டுகளைப் பட்டியல் போடப் போன கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் அமெரிக்கா என்றால் நம்ப மாட்டீர்கள். அங்கே போய்த் திரும்பிய அலுவலக நண்பர் எனக்காக ஒரு பட்டியலை அச்செடுத்து வந்தார். புளூகிராஸ் என்று ஓர் இசையாம். பாஞ்சோ, பிடில், மாண்டலின் எல்லாம் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் நாள்கணக்கில் விழா நடத்துவார்களாம். அப்படி ஒரு விழாவில் மேடையிலேயே பதிவான பழைய டேப்புகளை ரசிகர்கள் தேடிப் பிடித்து, தேதி, கிழமை, மேடை, பாடியவர், எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். பதினெட்டுப் பக்கம். ஒரு பாட்டுகூடக் கேட்காமல் பட்டியலை மட்டும் இரண்டு முறை படித்தேன். நம் பக்கத்தில் இப்படி யாரும் செய்யவில்லையா என்று கேட்டதற்கு, "நீதான் செய்யேன்" என்றார் நண்பர். ஆசை யாரை விட்டது?

நான் விருதுநகர்க்காரன், வேலைக்காக வந்து அணுபுரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் பொங்கல் விழாவுக்கு மைக் செட் போட வந்த ஜபருல்லா, கடப்பாக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். தர்காவின் கந்தூரி விழாவில் வருடாவருடம் நடக்கும் பாட்டுக் கச்சேரிகளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்துப் பதிவு செய்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். 1993 முதல் 2002 வரை, மொத்தம் 64 கேசட். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2006 பிப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை. காலை 6.40-க்கு அணுபுரத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கல்பாக்கம் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் அப்புறம் நேர் ரோடுதான். வழியில் ஒரு டீ, மூன்று ரூபாய். கடப்பாக்கம் சேரும்போது மணி 8.05, என் வண்டி மீட்டர்படி 42 கிலோமீட்டர். (அந்த மீட்டரை நானே முழுதாக நம்புவதில்லை. ஒன்றிரண்டு கூடக் குறைய வைத்துக்கொள்ளுங்கள்.)

கேசட்டுகள் ஓட்டை ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் இருந்தன. முதல் உறையை எடுத்துப் படித்தபோதே எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "94, பிறை 3 இரவு, 2 ஹாரன்" என்று எழுதியிருந்தது. அடுத்தது "95, பிறை 5 இரவு, 4 ஹாரன், ஒன்று அவுட்". பாடியவர் பெயர் எதிலுமே இல்லை.

"யார் பாடினதுன்னு எழுதலையே பாய்?" என்று கேட்டேன்.

"பாட்டுக்கா சார் புடிச்சேன்? ஹாரன் கொய்யினு கத்தும். எங்க கத்துச்சின்னு மறுநாள் போட்டுக் கேட்டு சரிபண்ணத்தான் புடிச்சது. யார் பாடுறாங்கன்னு ஊருக்கே தெரியும், அத இன்னாத்துக்கு எழுதணும்?" என்றார் ஜபருல்லா.

என் கையில் இருந்த அமெரிக்கக் கட்டத்தில் ஹாரன் என்ற கூம்பு ஸ்பீக்கருக்கு இடமில்லை. முஸ்லிம் மாதத்தின் நாளைச் சொல்லும் பிறைக்கும் இல்லை. தேதியும் கிழமையும்தான் கேட்டது. அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்: பழைய புத்தகக் கடையில் 35 ரூபாய்க்கு வாங்கிய நூறு வருடக் காலண்டர். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பிறை மூன்றும் அதில் உண்டு. கந்தூரி மாதத்தில் பிறையைப் பார், கிழமையைக் கண்டுபிடி, கட்டத்தில் எழுது. நாம் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு கேசட்டுக்கு ஏ பக்கம் ஐந்து நிமிடம் ஓட்டுவது, ஜபருல்லா பாடகர் பெயரைச் சொல்வது, நான் எழுதுவது. இதுதான் ஏற்பாடு. பி பக்கத்தைத் தொடவில்லை. ஒரே நாளில் 64-ஐ முடிக்க வேண்டுமே! நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனது. நாலு பெரிய பேட்டரி வாங்கிப் போட்டோம்.

பன்னிரண்டு மணி வாக்கில் கபீர் வந்தார். கடற்கரைப் பக்கம் வலைக்கயிறும் நங்கூரமும் விற்கும் கடை வைத்திருப்பவர். கந்தூரியில் பத்து வருடமும் பாடியவர். அவருக்கு என் பட்டியலில் அக்கறை இல்லை. ஒரே ஒரு கேசட்தான் வேண்டியிருந்தது.

"தொண்ணூத்தேழு சார். பிறை ஏழு. அது கீதா, பூட்ச்சா?"

இருந்தது. என் பட்டியலில் 31-ஆம் எண். எதற்கு என்று கேட்டேன். அவர் தங்கை ஜமீலாவின் நிக்காஹ் அந்த வருடம் மாப்பிள்ளை ஊரான செங்கல்பட்டில், ஒரு வியாழக்கிழமை மாலை நடந்திருக்கிறது. கபீர் போகவில்லை. கந்தூரியில் பாட ஒத்துக்கொண்டேன், வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அன்று மழையால் கச்சேரியே நடக்கவில்லை, மறுநாள்தான் நடந்தது என்று யாரோ ஜமீலாவிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு அண்ணன் வராமல் இருந்துவிட்டான் என்று அந்தப் பெண் பேச்சை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது.

"மாப்பிள்ளைய எனக்குப் புடிக்கல சார். கோவம் இருந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாடினேன். மழை வுட்டதும் ஏறிப் பாடினேன். இத அதுங்கிட்ட போட்டுக் காட்டுங்க சார். நான் போனா வாசப்படி ஏத்தாது."

செங்கல்பட்டு எனக்கு 24 கிலோமீட்டர்தான். சரி என்றேன். ஜபருல்லா கேசட்டைக் கொடுத்து, "பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்க" என்று மூன்று முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதுதான் கவனித்தேன். 31-ஆம் எண், கிழமைக் கட்டம்: வெள்ளி. காலண்டரைத் திரும்பப் பார்த்தேன். அந்த மாதம் பிறை ஏழு வெள்ளிக்கிழமைதான். நிக்காஹ் வியாழக்கிழமை. அப்படியானால் தங்கை சொன்னதுதானே சரி? வியாழன் மழையில் கச்சேரி நின்று, வெள்ளி பாடியிருக்கிறார். பிறகு ஏன் தனக்கு எதிரான சாட்சியைத் தானே என் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்? மறந்துவிட்டாரா, பொய் சொல்கிறாரா, இல்லை நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தாரா? கேசட்டைப் போட்டேன். ஏ பக்கம் தொடக்கத்தில் தகரத்தில் மழை விழும் சத்தம். குழப்பம் இன்னும் கூடியது. மழை பெய்தது உண்மை, எந்த நாள் மழை? ஒரு வாரம் இதே யோசனை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி ஆனேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

அடுத்த சனிக்கிழமை காலை 9.50-க்குக் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக 10.35-க்குச் செங்கல்பட்டு சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பை, பெட்டி விற்கும் கடை. கணவர் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்ததால் ஜமீலாதான் கல்லாவில் இருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அண்ணன் பெயரைச் சொன்னதும் விற்றுக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை இரண்டு தடவை இழுத்து மூடினார்.

நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். கேசட்டை எடுப்பதற்கு முன்னால், ஆதாரம் ஆதாரமாக இருக்கட்டும் என்று அழகாக அச்செடுத்த பட்டியலை நீட்டினேன். மறைக்கக்கூடாது என்று ஒரு நேர்மை வேறு.

அவர் விரலை வைத்துப் படித்தார். "வெள்ளிக்கெழம."

"ஆமாம்" என்றேன்.

"அப்ப மெய்தான. வியாழக்கெழம வூட்லதான் குந்திகினு இருந்துச்சி. பொய்யின்னு ஆவணும், யாராச்சும் வந்து பொய்யின்னு சொல்லணும்னு ஒம்பது வருசமா பாத்துகினு கீறேன். நீங்க வந்து எழுதியே குடுத்துட்டீங்க."

அழவில்லை. பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கேசட்டைக் கல்லா மேல் வைத்தேன். எடுத்து உறையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாங்க இது? இதுல பிறை ஏழு இரவுன்னு கீது."

"ஏழு வெள்ளிக்கிழமைதாங்க. காலண்டர்ல பார்த்துத்தான் போட்டேன்."

"பகலு வெள்ளி. இரவு?" என்று என்னைப் பார்த்தார். "எங்களுக்கு மஃரிபோட நாள் மாறிடும் சார். மொதல்ல ராத்திரி, அப்புறம்தான் பகல். பிறை ஏழு இரவுன்னா வியாழக்கெழம ராத்திரி. இது தெரியாமலா எழுத வந்தீங்க?"

தெரியாமல்தான் வந்திருக்கிறேன். சூரியன் மறைந்தால் அவர்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. நானோ நள்ளிரவு வரை பழைய நாளையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். 64 கேசட்டும் ராத்திரியில் பதிவானவை. அறுபத்து நாலு வரியிலும் ஒரு நாள் தள்ளி எழுதி, அதைச் சரிபார்த்து, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்!

கடையிலேயே ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஏ பக்கத்தில் மழை, பிறகு கபீரின் பாட்டு, நடுநடுவே ஹாரன் கத்தல். வந்த இரண்டு வாடிக்கையாளர்களை ஜமீலா அப்புறம் வரச் சொன்னார். நான் ஒரு தடவைகூடத் தொடாத பி பக்கத்தைத் திருப்பிப் போட்டார். இரண்டு பாட்டு முடிந்ததும் கபீர் மைக்கில் பேசினார்.

"ஒரு நிமிஷம். இந்நேரம் செங்கல்பட்டுல எங்க தங்கச்சிக்கு நிக்காஹ் முடிஞ்சிருக்கும். நான் போவல. எல்லாரும் அதுக்காவ துஆ செய்யுங்க."

அந்தப் பிரார்த்தனைக்குக் கூட்டம் மொத்தமும் சொன்ன ஆமீன். ஜபருல்லாவின் நாலு ஹாரனும் அப்போது ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜமீலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரையே துஆ கேக்கச் சொல்லத் தெரிஞ்சுதே, மறுநாளு ஒரு பஸ்ஸு ஏறத் தெரியல பாருங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். யார் பக்கம் நியாயம் என்று இன்று வரை எனக்குத் தெளிவில்லை. கேசட்டைக் கேட்டேன், ஜபருல்லாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று.

"தர மாட்டேன். வேணும்னா அதுவே வந்து வாங்கிகினு போவட்டும்."

இதுபோன்ற வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. உறையில் இருப்பதை அப்படியே, ஹாரன் கணக்கு உட்பட, எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்கள் விளக்கத்தை வேறு கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் நாள் எப்போது தொடங்குகிறது என்று முதலிலேயே கேளுங்கள். பி பக்கம் கேட்காமல் ஒரு கேசட்டையும் முடித்ததாக நினைக்காதீர்கள். 64 கேசட்டுக்கு ஒரு நாள் போதாது, ஐந்து நாளாவது வேண்டும். பேட்டரியை ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.

பேருந்து விவரம், அன்று மாலை கபீருக்குத் தொலைபேசியில் சொன்னதுதான். கடப்பாக்கத்தில் காலை 5.50-க்குச் செய்யூர் வழியாக மதுராந்தகம் பேருந்து, 12 ரூபாய். அங்கே மாறினால் படாளம் தாண்டிச் செங்கல்பட்டு, 9 ரூபாய். எட்டரைக்குள் போய்விடலாம். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், அதனால் அடுத்த வண்டியில் போனாலும் போதும் என்றும் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஜமீலா போன் செய்தார்.

"எட்டரைலேர்ந்து ஷட்டர்கிட்ட நிக்குதாம் சார், பக்கத்துக் கடைக்காரரு சொல்றாரு. நாஸ்தாகூடத் துன்னல. வூட்டுக்கு இட்டுகினு போறேன். இன்னிக்குக் கடை லீவு."