புடவையின் நிறம் சரியாக வந்த படம்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் யாராவது, "ரா ஃபைலைத் திறக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்டால், கேமராவோடு என்ன கொடுத்தார்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் பேச மாட்டேன். விஷயம் தெரிந்தவள், சொல்லிக் கொடுக்க மனசில்லை என்று பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். மூன்று சாஃப்ட்வேரில், ஏழு மாதம், ஒரே ஒரு படத்தோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த ஏழு மாதத்தில் என்ன போயிற்று என்பது எனக்கல்லவா தெரியும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவைகளைப் படம் எடுக்கிற வேலை எனக்கு. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கம்ப்யூட்டரில் பார்த்துப் புடவை கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதலாளி ஒரு நல்ல டிஜிட்டல் கேமராவை வாங்கி என் கையில் கொடுத்து, "கலர் மாறக் கூடாதும்மா, அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதான் என்று அவர் சொன்ன அந்த ஒன்றுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. பார்சலைப் பிரித்தவர்கள் படத்தில் ஒரு கலர், கையில் ஒரு கலர் என்று திருப்பி அனுப்பினால் பாட்டு எனக்குத்தான் விழும்.

எங்கள் ஊரில் பட்டு வாங்க வருகிறவர்கள் கடைக்குள் இருக்கும் டியூப் லைட்டை நம்ப மாட்டார்கள். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் நீட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் தெரிவதுதான் நிறம், மற்றதெல்லாம் கண்கட்டு. எனக்கும் அந்தப் புத்தி ஊறிப்போயிருந்தது. சாயப்பட்டறைக்காரர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார் என்று கடையில் கிண்டல் செய்வார்கள். உள்ளூர எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

படம் எடுக்கும்போது புடவையை விரித்துப் பிடிக்கவும், முந்தானையை மடித்துக் காட்டவும் எனக்குத் துணையாக ஒருத்தி இருந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண், வீட்டில் பேச்சு தெலுங்கு. என் வயதுதான். இருவரும் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தேன். கீழே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். யாரும் ஒன்றும் குறை வைத்ததில்லை, ஆனால் என்னிடம் சொல்வதற்கென்று யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசுவது அவளிடம் மட்டும்தான். இதை அவளிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியதும் இல்லை.

எங்கள் இருவருக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலாளியிடம் கேட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைப் பக்கம் போய் இறங்கி, ஓர் ஏரிக்கரையில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். நான் சூரியன் இறங்குவதைப் படம் எடுப்பேன். அவள் வேர்க்கடலையை உரித்துப் பாதியைத் தான் தின்று மீதியை என் கையில் திணிப்பாள்.

ஒரு கார்த்திகைச் செவ்வாய், ஏரி தளும்பத் தண்ணீர் இருந்தது. அன்று அவள் மயில் கழுத்து நிறத்தில் பட்டுக் கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து வந்திருந்தாள். ஜரிகையில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று கடையில் ஒதுக்கிய புடவை அது. கோட்டை மடிப்புக்குள் மறைத்து அழகாகக் கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனதாக ஆட்டோவில் சொன்னாள். நல்ல விஷயம்தானே என்றேன். என் கவனமெல்லாம் மேகத்தின் மேல் இருந்தது. அப்படியொரு வானம் அந்த வருஷம் அதற்கு முன் வரவில்லை.

மதகுச் சுவர்மேல் கேமராவை வைத்து, சூரியனுக்கு முன்னால் அவளை நிற்க வைத்துப் பதினோரு படம் எடுத்தேன். மங்கலான வெளிச்சத்தில் கேமரா மெதுவாகத்தான் படம் பிடிக்கும். எதிரில் நிற்பவர் கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். பத்துப் படம் கலங்கின. கடைசி ஒன்றில் மட்டும் அவள் சிலை மாதிரி நின்றிருந்தாள். போதும், கிடைத்துவிட்டது என்று கேமராவைப் பைக்குள் வைத்தேன். திரும்பும்போது ஆட்டோவில் அவள் ஒன்றும் பேசவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் கல்யாணம் முடிந்து பெங்களூருக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "அந்த ஏரிக்கரை போட்டோவ மட்டும் அனுப்பிடுபா" என்றாள். ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்றேன்.

சாதாரணமாகப் படம் எடுத்தால் நிறத்தையும் வெளிச்சத்தையும் கேமராவே முடிவு செய்து கொடுத்துவிடும். ரா என்பது அரைத்து வைத்த மாவு மாதிரி. இட்லி ஊற்றுவதா தோசை வார்ப்பதா என்பதை நாம் பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். வார்ப்பதற்குத்தான் சாஃப்ட்வேர். என்னிடம் முதலில் இருந்தது கேமரா பெட்டியில் வந்த சிடி. அதில் நாலைந்து பொத்தான்கள்தான். படத்தைத் திறந்தேன். வானம் செக்கச் செவேலென்று பிரமாதமாக வந்தது. புடவை மட்டும் வீணாய்ப் போயிருந்தது. அந்திச் செம்மை ஏறி மயில் கழுத்து நிறம் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அந்தி வெளிச்சம் அப்படித்தான் என்று பிரிண்ட் போட்டு அனுப்பியிருப்பார்கள். காஞ்சிபுரத்துப் புடவைக் கடைக்காரிக்கு அது எப்படி முடியும்? இந்தப் படத்தை அவள் புகுந்த வீட்டில் காட்டினால், என்ன இது சாயம் போன புடவை என்று கேட்க மாட்டார்களா?

பிரவுசிங் சென்டரில் விசாரித்து, முப்பது நாள் இலவசமாக ஓடுகிற பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். அதில் ஒரு சின்ன சொட்டுக் குழாய் உண்டு. எது வெள்ளையோ அதன்மேல் வைத்து அழுத்தினால் படம் முழுவதையும் பகல் வெளிச்சத்துக்கு மாற்றிக் கொடுக்கும். அவள் தலையில் இருந்த மல்லிகையில் வைத்து அழுத்தினேன். அச்சு அசலாக மயில் கழுத்து! கடை வாசலில் நீட்டிப் பிடித்த மாதிரியே இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "கலரு கரெக்டும்மா. மத்தியான வெயில்ல எடுத்தியா?" என்றார். அப்புறம்தான் வானத்தைப் பார்த்தேன். அஸ்தமனம் இருந்த இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஏதோ இருந்தது.

அவள் ஒருமுறை ஃபோன் செய்தாள். "போட்டோ இன்னாச்சுபா?"

"கலர் இன்னும் சரியா வரல. வந்ததும் அனுப்பறேன்."

"கலரு கெடக்குது. நீ எப்டி கீற?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றேன். வேலை நடுவில் இருந்தேன், அதோடு வைத்துவிட்டேன்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஒரே ராவை இரண்டு முறை வார்ப்பது. ஒரு முறை வானத்துக்கு, ஒரு முறை புடவைக்கு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, புடவையின் ஓரத்தைச் சுற்றி வெட்டி ஒட்டுவது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் உட்கார முடியும். கரண்டு போனால் அன்றைக்கு அவ்வளவுதான். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பாக ஓரம் வெட்டிக்கொண்டு வருவதற்குள் முப்பது நாள் முடிந்து சாஃப்ட்வேர் பூட்டிக்கொண்டது. செய்ததெல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. நாள் முடிந்தால் செய்த வேலையையும் வெளியே எடுக்க முடியாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் படித்துப் பார்க்கவும் இல்லை. மூன்றாவதாக, காசே கேட்காத ஒன்று. முகம் தெரியாத யாரோ ஊருக்கு உபகாரமாக எழுதிப் போட்டது. அதில் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் புரியாத ஒரு பெயர். அதைப் பழகவே இரண்டு மாதம் ஆயிற்று.

இதற்கிடையில் அவளிடமிருந்து ஃபோன் வருவது நின்றுபோயிற்று. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். எனக்குப் பயம் வந்துவிட்டது. போட்டோ அனுப்பாததால்தான் கோபம் என்று அடித்துச் சொன்னேன், எனக்கு நானே. படம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் பழையபடி பேசுவாள். அந்த நம்பிக்கையில் இன்னும் நுணுக்கி நுணுக்கி வேலை பார்த்தேன். செவ்வாய்க்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போவதில்லை. தனியாகப் போய் உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரியும்.

ஆடியில் ஒரு வழியாகப் படம் முடிந்தது. பின்னால் செந்தணலாக வானம், முன்னால் மயில் கழுத்துப் பட்டு, இரண்டும் அதனதன் நிறத்தில். உலகத்தில் எந்த அந்தியிலும் அப்படித் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அழகாக இருந்தது. முகம் மட்டும் இருட்டு. நிழலைத் தூக்கிவிட்டால் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது, படத்தின் சுத்தம் கெட்டது. முகம் நிழலில் இருந்தால் அதுவும் ஓர் அழகுதான் என்று நானே முடிவு செய்துகொண்டு, பெரிய பிரிண்டாகப் போட்டுக் கூரியரில் அனுப்பினேன்.

நாலாம் நாள் மத்தியானம் ஃபோன் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன்.

"போட்டோ வந்துச்சுபா. பொடவ சூப்பரா வந்துக்குது. இவுங்க அம்மா தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க."

எனக்கு வாயெல்லாம் பல். எத்தனை பாடு பட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"என் மூஞ்சிய பாத்தியா?" என்றாள்.

"நிழல் விழுந்துடுச்சுபா. தூக்கினா புள்ளியா வருது."

"பொடவைக்கு வெளிச்சம் போட்டுக்கீற, மூஞ்சிக்குப் போடல. அன்னிக்கி நான் உன்ன இன்னா கேட்டேன், நெனப்பு கீதா?"

எனக்கு நினைவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"இந்த எடத்துக்கு நான் ஒத்துக்கட்டுமா, வேணாமான்னு கேட்டேன். கேட்டுக்கினே இருந்தேன். நீ, 'ஒதடு ஆடுது, பேசாத'ன்ன. சரின்னு கம்முனு நின்னுட்டேன். நீ அந்தப் போட்டோவத்தான் அனுப்பிக்கீற."

அவள் சொல்லச் சொல்லவே, ஒதுக்கிப் போட்டிருந்த அந்தப் பத்துப் படங்களைத் திறந்தேன். நிழலை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவும் தூக்கினேன். புள்ளிகளுக்கு நடுவில் அவள் முகம் வந்தது. முதல் படத்தில் வாய் திறந்திருந்தது. அடுத்ததிலும் திறந்திருந்தது. பத்திலும் அவள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் நான் புடவையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பத்தையும் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

"இன்னாபா, சத்தத்தையே காணோம்?"

"அங்க உனக்கு எதாவது கஷ்டமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. நல்லாத்தான் வெச்சுக்கினுகீறாங்க. பேசத்தான் ஆளு இல்ல. இப்ப கேக்குறேன், சொல்லு. அன்னிக்கி காதுல வாங்கியிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

நல்ல இடம், ஒத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாக ஃபோனை வைத்திருப்பாள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"போவாதன்னு சொல்லியிருப்பேன். எனக்கு உன்ன வுட்டா யாரு கீறாங்க?"

அந்தப் பக்கம் யாரோ தெலுங்கில் அவளைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அவளும் தெலுங்கில் பதில் சொன்னாள். பிறகு ஃபோனை வாய்க்கு அருகே கொண்டு வந்தாள் போலிருக்கிறது, தாழ்ந்த குரல் காதுக்குள் கேட்டது.

"அந்த வார்த்தய கேக்கத்தான் அன்னிக்கி ஏரிக்கரைக்கே வந்தேன்" என்றாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.