அத்தை கையில் கிடந்த ரப்பர் வளையம்

ஓசூரில் அப்பாவுக்குப் பெங்களூர் ரோட்டில் பஞ்சர் கடை. பழைய ஸ்கூட்டர் ட்யூபை மெல்லிசாக வளையல்போல் நறுக்கி ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு.

அத்தைக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் எட்டிப் பார்க்காது. ஒரு வேளை தவறினால் போதும், வீடே அல்லோலகல்லோலப்படும். ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம். வலிப்போடு சேர்த்து ஞாபகத்தையும் கொஞ்சம் கொண்டுபோய்விடும். போட்டோமா இல்லையா என்று அத்தை திருதிருவென்று விழிப்பாள். அதற்குத்தான் அப்பாவின் வளையம். காலை மாத்திரை போட்டதும் அதை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்ற வேண்டும். ராத்திரி மாத்திரை உள்ளே போனதும் மறுபடி இடது கைக்கு. யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். பெரிய விஞ்ஞானி போல அப்பா அதைப் பற்றி ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நாகரசம்பட்டியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாந்தோப்புக்காரர்கள். வலிப்பு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. ஏற்கெனவே சொல்லித்தான் இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. அப்பா வாயே திறக்கவில்லை. அவர் சம்மதத்துக்கு அதுதான் அடையாளம்.

அன்று காலை அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வளையத்தையும் ஒழுங்காக மாற்றியிருக்கிறாள். தலைக்கு ஊற்றி, பட்டுச்சேலை கட்டி விடும்போது, இந்தக் கறுப்பு ரப்பர் என்ன அசிங்கம் என்று அம்மா அதைக் கழற்றி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டாள். இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். வாழைப்பழத்தோடு கடையிலிருந்து ஓடிவந்த அப்பா தங்கையின் கைகளைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“மாத்திர போட்டுக்கினியா?”

“தெரிலண்ணா. போட்ட மாதிரியும் இருக்குது, போடாத மாதிரியும் இருக்குது.”

எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மாவுக்கும் அதே சந்தேகம் வந்தது. அவள் அத்தையிடம் கேட்கக்கூட இல்லை. காப்பியோடு இன்னொன்றை வாயில் போட்டுவிட்டாள்.

அவர்கள் வந்து உட்கார்ந்தபோது அத்தைக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தூங்கினால் கிள்ளு என்று அம்மா காதில் சொல்லியிருந்தாள். கிள்ளு கிள்ளென்று கிள்ளினேன். அத்தை ஒவ்வொரு தடவையும் லேசாக நெளிந்து தலையை இன்னும் கீழே போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்ன கேட்டாலும் ஒரே பதில், ஒரு தலையசைப்பு.

“இந்தக் காலத்துல இப்டி ஒரு அடக்கமா! நிமிந்துகூட பாக்கலியே புள்ள,” என்று அந்த அம்மாள் மெய்சிலிர்த்தார். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் தெரு திரும்புவதற்குள் அத்தை பட்டுச்சேலையோடு பாயில் விழுந்து குறட்டை விட்டாள். அப்பாவும் அம்மாவும் யார் மாத்திரை கொடுத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகிப் போகும்போது அத்தை வேறெதற்கும் அடம்பிடிக்கவில்லை, அந்த ரப்பர் வளையத்தை மட்டும் கையோடு கொண்டுபோனாள். யாராவது கேட்டால் திருஷ்டிக்கு என்று சொல்லச் சொன்னாள் அம்மா. மாத்திரை பெங்களூரில்தான் கிடைக்கும். அப்பா போய் வாங்கிவருவார். அம்மா அதைப் பொட்டலமாகக் கட்டித் தகர டப்பாவின் அடியில் வைத்து, மேலே முறுக்கை அடுக்குவாள். லீவுக்குப் போகும்போது டப்பா என் பொறுப்பு.

“அத்த கையிலதான் குடுக்கணும். மாமா கண்ணுல பட்டுச்சுன்னா உங்கத்த வாழ்க்கையே போச்சு, தெரிஞ்சுக்கோ.”

பஸ்ஸில் அந்த டப்பாவை மடியிலிருந்து இறக்கவே மாட்டேன். அத்தையின் வாழ்க்கையே அதற்குள் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒரு பெரிய லீவில் அங்கே தங்கியிருந்தபோது, காலையில் மாமா தோப்புக்குக் கிளம்பினார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டவர் வாசற்படியில் நின்று அத்தையின் கையைப் பார்த்தார். வளையம் இடது கையில் கிடந்தது. மாமா போகவில்லை. உள்ளே திரும்பி வந்து, ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டு காய் விலையைப் பற்றி ஏதோ பேசினார். அத்தை டம்ளரோடு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வளையம் வலது கையில். மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் அது முன்கூட்டியே வலது கைக்கு வந்திருந்தது. மாமா ஒரு பார்வை பார்த்துவிட்டு நிற்காமல் போனார்.

ஊருக்குத் திரும்பியதும் இதை அம்மாவிடம் பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். மாமாவுக்கு வளையல் பைத்தியம், தினமும் அத்தை கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எந்தக் கை, எத்தனை நாள் பார்த்தாய், தண்ணீர் கொடுத்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஏதோ கோள் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

அடுத்த தடவை அம்மா டப்பா கட்டும்போது முறுக்கை முதலில் அடுக்கினாள். மாத்திரைப் பொட்டலத்தை மேலே வைத்தாள், மூடியைத் திறந்ததும் கண்ணில் படும்படி. யார் கையில் கொடுக்க வேண்டும் என்று இந்த முறை சொல்லவேயில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, பஸ் ஏறியதும் நானே பொட்டலத்தை எடுத்து முறுக்குக்கு அடியில் பத்திரமாக ஒளித்துவைத்தேன்.